மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு கோல்கீப்பர்

என் அக்கா வீட்டுக்காரர் பதினான்கு வருடம் ஹாக்கி கிளப்புகளில் கோல்கீப்பராக இருந்தவர். ஆட்டத்தை விட்டதும், ஆட்டக்காரர்களுக்கு ஏஜென்ட் ஆகப்போவதாகச் சொன்னார்.

"ஏஜென்ட்னா என்ன பண்ணணும்?" என்றாள் அக்கா.

"அவங்களுக்காகக் கிளப்புல போய்ப் பேசணும்."

"யாரு, நீங்களா? பால் பாக்கெட் ஓட்டைன்னு கடைக்காரர்கிட்ட சொல்லவே என்னைத்தானே அனுப்புறீங்க!"

அத்தான் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். அக்கா அவர் சட்டையின் பட்டன்களைப் போட்டுவிட்டாள். தினமும் காலையில் இது நடக்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகுமா இந்தக் கொஞ்சல் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்கக் கூச்சம்.

டயர் கடைக்கு மேலே ஒரே அறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, நாலு நாற்காலி. அதில் ஒன்று ஆடும். எனக்கு ஃபைல் அடுக்கும் வேலை. மேல் தட்டில் நம்மிடம் இருப்பவர்கள், கீழ்த் தட்டில் விட்டுப் போனவர்கள் என்று அத்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். மேல் தட்டில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது. கீழ்த் தட்டு காலி.

அந்த ஒரு ஃபைலுக்குச் சொந்தக்காரியைப் பீரங்கி என்பார்கள். பெனால்டி கார்னரில் அவள் அடித்தால் கோல் பலகை அதிருமாம். வயது இருபத்தாறு. வெளியே இருக்கிற இரும்புப் படியில் ஒன்று விட்டு ஒன்றாகத் தாவி ஏறுவாள். என் ஜன்னலுக்கு நேரே அந்தப் படி.

கிளப் மேனேஜர் ஒப்பந்தம் பேச வருவதாக இருந்த அன்று அவள் முன்னதாகவே வந்தாள். வலது காலை ஒரு படியில் வைத்தாள். இடது காலையும் கொண்டுவந்து அதே படியில் வைத்தாள். ஒவ்வொரு படிக்கும் அப்படித்தான். வாசலுக்கு வந்ததும் நேராக நடந்தாள், சிரித்தாள்.

நான் அத்தானிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"முழங்காலா?" என்று அவளிடம் கேட்டார்.

"யார் சொன்னது?"

"படி சொல்லுச்சு."

அவள் என்னை முறைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். "ஆறு வாரம் ஓய்வுன்னு டாக்டர் சொல்றாரு. மூணு வாரத்துல சீசன் தொடங்குது. இது தெரிஞ்சா என்னை எடுப்பாங்களா? கையெழுத்து ஆகட்டும் அண்ணே. எல்லாரும் பண்றதுதானே?"

அத்தான் பதில் சொல்லவில்லை. அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

மேனேஜர் வந்து, சரியாக அந்த ஆடுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "ஒரு வருஷம்" என்றார்.

அத்தான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். மின்விசிறி சுற்றியது. நாற்காலி கிறீச்சிட்டது. என்னாலேயே பொறுக்க முடியவில்லை.

"சரி, ரெண்டு வருஷம்" என்றார் மேனேஜர். "வெளியூர் ஆட்டத்துக்குத் தனி அறை. போதுமா, கீப்பர்?"

இதுதான் இவருடைய வித்தையா! கோலில் நிற்கிறவன் முன்னாலேயே விழுந்துவிட்டால் தொலைந்தான், அடிக்கிறவன் முதலில் அசையட்டும் என்று நிற்க வேண்டும் என்பார். மேஜையிலும் அதையே செய்துகொண்டிருந்தார்.

மேனேஜர் காகிதத்தை நீட்டினார். "காயம் எதுவும் இல்லன்னு கீழே ஒரு வரி இருக்கும். வழக்கமா போடறதுதான்."

பீரங்கி பேனாவை எடுத்தாள். அத்தான் இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும். இரண்டு வருடம் அவள் கையில்.

"அந்த வரியை மாத்தணும்" என்றார் அத்தான். "முழங்கால்ல காயம். ஆறு வாரம் ஆட முடியாது."

"அண்ணே!"

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க யாரு பக்கம் பேசறீங்க?"

"அவ முழங்கால் பக்கம்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்குப் போனார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதுமே! அதுகூடவா முடியல உங்களால?" அவள் பேனாவை மேஜையில் போட்டாள்.

"நீ மறைக்கலாம்னப்பவே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு." அத்தான் இடது கையை மேஜைமேல் வைத்தார். "இந்தக் கட்டைவிரலை மடக்கிக் காட்டு."

அவள் தொட்டுப் பார்த்தாள். அது மடங்கவில்லை, கரண்டிக் காம்பு மாதிரி நின்றது.

"உடைஞ்ச விரலைக் கிளவுஸ்ல ஒளிச்சு ஒரு சீசன் முழுக்க ஆடினேன். சட்டைப் பட்டன்கூடப் போட வராது."

நான் ஃபைலைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேனேஜர் திரும்பி வந்தார். உட்காரவில்லை. "ஒரு வருஷம்தான் தர முடியும். எங்க டாக்டர் பார்ப்பார். அவர் சரின்னு சொன்ன பிறகுதான் மைதானம்." கீழே இருந்த வரியை அடித்துவிட்டு, முழங்கால் விஷயத்தைக் கையாலேயே எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அத்தானிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள்.

"திரும்பிப் பார்த்தாளா?" என்றார் அத்தான்.

"இல்ல அத்தான். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குறாங்க."

அவள் ஃபைலை எந்தத் தட்டில் வைப்பது என்று கேட்டேன். "இப்போதைக்கு மேஜையிலேயே கிடக்கட்டும்" என்றார்.

நாலு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் அத்தான் இல்லாதபோது போன் அடித்தது. வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

"படியில பார்த்துக் காட்டிக்கொடுத்த ஆளா?" பீரங்கிதான். "ஒரு சந்தேகம் கேக்கணும், அண்ணனை நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் கீழே டயர் கடையில உட்கார்ந்திருப்பேன். படி ஏறக்கூடாதாம், டாக்டர் உத்தரவு."

நான் சரி என்றுகூடச் சொன்னேனா, நினைவில்லை. ஃபைலைத் துடைத்து மேல் தட்டில் வைத்தேன்.