தலையாட்டித் தீர்த்த கடன்

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் படித்தபோது தவணையில் ஓவர்கோட் வாங்கி, பாக்கி வைத்துவிட்டேன். வசூல் கம்பெனிக்காரர் அறைக்கே வந்துவிட்டார். கோட்டைப் பிடுங்கிக்கொண்டால் பனிக்கு எங்கே போவேன்?

“நூற்றைம்பது மார்க் கொடுங்கள், கணக்கை முடித்துவிடலாம்” என்றார். சரியென்று நம்மூர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. “நூற்றிருபது?”

மறுபடியும் ஆட்டினேன்.

“நூறு! இதற்குமேல் பைசா குறையாது. நீங்கள் லேசுப்பட்ட ஆளில்லை ஐயா!”

அப்போதுதான் உறைத்தது, என் ‘சரி’ அவர் கண்ணுக்கு ‘முடியாது’ என்று. சட்டென்று ஜெர்மனில் “யா”, அதாவது ‘ஆமாம்’, என்று சொல்லி நூறைக் கொடுத்தேன்.

மறுவாரம் வீட்டுக்காரி, “வாடகை தருவாயா, மாட்டாயா?” என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் ஆட்டினேன். என் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டுக்காரியிடம் வாயால் பேசினேன். தலையைக் கடன்காரர்களுக்கு மட்டும் வைத்திருந்தேன்.