ஒட்டுத்தாளுக்குக் கீழே இருந்த படம்

ரத்னவேலுக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாக சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி பழுது பார்க்கிறார். வீட்டுக்குப் புது ரைஸ் குக்கர் வந்தால்கூடத் தலைகீழாகத் திருப்பி, அடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் மனைவியை அரிசி போட விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரையே பரமசிவம் ஏமாற்றினான்.

பரமசிவம் அந்நியனல்ல. உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சு, தேசிய சேவை ராணுவ முகாமில் அடுத்தடுத்த கட்டில். இப்போது ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நலவாழ்வு நிலையம் நடத்துகிறான். சர்க்கரை நோய் வந்து பத்து வருடமான ரத்னவேலுக்குப் படுக்கையில் உடம்பு ஒத்துழைக்காமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் அவன்தான்.

"இதுக்குப் போயி இப்படி உடைஞ்சு போறியே! ஷாக்வேவ்னு அதிர்வலை சிகிச்சை இருக்கு லா. மாத்திரை இல்ல, கத்தி இல்ல. அந்த அலை பட்டா ரத்தக்குழாய் புதுசா வளரும். பன்னண்டு தடவை வா. வீட்டுல சொல்லாத, குணமானதும் தானா தெரியட்டும்."

பன்னிரண்டு சனிக்கிழமைகள், ஓவர்டைம் என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் போனார். டக் டக் டக் என்று இயந்திரத்தின் கைப்பிடி உடம்பில் தட்டும். கூச்சத்தில் அவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதன் முகப்பில் ஓரிடத்தில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. வேறு இடமாக இருந்தால் நகத்தால் கிள்ளிப் பார்த்திருப்பார். நண்பனின் இயந்திரம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டும் முடிந்தன. ஒன்றும் மாறவில்லை. தன் உடம்புதான் உதவாக்கரை என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

மனைவி சிவகாமசுந்தரி பள்ளி கேண்டீனில் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் நின்று நின்று குதிகாலில் தீராத வலி. அடுத்த மாதம் ரத்னவேல் அவரை மருத்துவமனைக்கு இயன்முறை சிகிச்சைக்குக் கூட்டிப் போனார். கபிலன் என்ற இளைஞர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் கைப்பிடியைச் சிவகாமசுந்தரியின் குதிகாலில் வைத்தார்.

டக் டக் டக்.

அதே சத்தம், அதே கைப்பிடி. வெள்ளை ஒட்டுத்தாள் இருந்த இடத்தில் இங்கே ஒரு படம் இருந்தது. குதிகால் படம்.

மனைவி காலணி மாட்டும் நேரத்தில் ரத்னவேல் கபிலனை ஓரமாக அழைத்தார். "தம்பி, ஆம்பளைங்க பிரச்சினைக்கும் இந்த மெஷின்தானா? நண்பர் ஒருத்தர் கேட்டாரு."

கபிலன் சிரிக்கவில்லை. "இல்ல அங்கிள், அது வேற மெஷின். இதுல சக்தி மேலாப்புலயே சிதறிடும். அதுக்கு மெல்லிசான அலை, குறிவச்சு உள்ள போகணும். அப்பதான் ரத்தக்குழாய் வளர்றதுக்கு உடம்பைத் தூண்டும். அதுவும் எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. சுகர், ஹார்ட் எல்லாம் டாக்டர் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. உங்க நண்பரை முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

மருந்தகத்தில் மனைவி வரிசையில் நிற்க, ரத்னவேல் வெளியே வந்து பரமசிவத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அது குதிகால் மெஷின்தானேடா?"

மறுமுனையில் பரமசிவம் சிரித்தான். "விடு லா. நம்பிக்கைதான் பாதி மருந்து."

"என்கிட்டயே ஏன்டா?"

"இப்ப என்ன பண்ணப் போற? யார்கிட்ட போயி சொல்லுவ?"

அந்தக் கேள்வியில்தான் ரத்னவேலுக்கு எல்லாம் புரிந்தது. நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் தெரிந்துவைத்துக்கொண்டது இதைத்தான்: இவன் வெட்கப்படுவான், வாயைத் திறக்கமாட்டான். அந்த வெட்கத்தை நம்பித்தான் அந்த ஒட்டுத்தாளையே ஒட்டியிருக்கிறான், பாவி.

வீட்டுக்கு வந்ததும் ரத்னவேல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சனிக்கிழமைகளை, டக் டக் சத்தத்தை, கடைசியில் அவன் சிரித்ததை. சொல்லச் சொல்ல ஆத்திரத்தில் குரல் உடைந்தது. கூடப் பிறந்தவனாக நினைத்தவன் இப்படிச் செய்துவிட்டானே என்றார். மனைவியும் சேர்ந்து அவனைத் திட்டுவார் என்று காத்திருந்தார்.

சிவகாமசுந்தரி அடுப்பை அணைத்தார்.

"அவன்கிட்ட சொல்ல வாய் வந்துச்சு. என்கிட்ட வரல."

"வெட்கமா இருந்துச்சு சுந்தரி."

"ஒரு வருஷமா முகம் திருப்பிப் படுத்தீங்க. எனக்கு வயசாயிடுச்சு, என்னைப் பிடிக்காம போச்சுன்னு நெனச்சேன். சனிக்கிழமை ஆனா யாரோ ஒருத்திகிட்ட போறீங்கன்னு நெனச்சேன். கேண்டீன்ல தட்டு கழுவிக்கிட்டே எத்தனை நாள் அழுதேன், தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. வழியெல்லாம் பரமசிவத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் இப்போது தனக்கே பொருந்தின. மனைவி நொண்டிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.