தூண்டில்காரர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி

கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது: திட்டு வாங்குவது நாம், பேர் வாங்குவது கேள்விப் பாரத்தை அச்சடித்தவன்.

எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. கிள்ளானைத் தாண்டிக் கடலோரம் ஒரு பழைய படகுத்துறை. ஞாயிறு தோறும் அங்கே பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவர்களைப் பேட்டி கண்டு பாரம் நிரப்ப வேண்டும். அந்த இடத்தால் ஜனங்களுக்குப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தால், வேலி போட்டுச் சரக்குக் கிடங்குக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

என்ன தருவீங்க?

'இந்த இடம் மூடப்படாமல் இருக்க எவ்வளவு பணம் தருவீர்கள்?' பாரத்தில் இப்படி ஒரு கேள்வி. ஏர்கான் ரூமில் உட்கார்ந்து எவன் எழுதினானோ! முதலில் மாட்டியவர் பெரியசாமி அண்ணன். பக்கத்து ஊர் மேருவில் இருக்கிறார், லோரி ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் ஸ்டியரிங், ஏழாம் நாள் தூண்டில். கேள்வியைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, கடல் என்னா ஒங்க பாஸ் வெட்டின கொளமா?"

ஒண்ணும் இல்ல

அடுத்த கேள்வி, எத்தனை மீன் பிடித்தீர்கள் என்பது. வந்தது வினை. தூண்டிலைச் சுருட்டி வண்டியில் ஏற்றும்வரை எத்தனை என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சொன்னால் அதோடு மீன் கடிக்காது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் அங்கே அதுதான் சட்டம். பெரியசாமி அண்ணன் வாளியில் கொடுவா துள்ளி என் செருப்பெல்லாம் தண்ணீர். "எத்தனைண்ணே?" என்றேன். "ஒண்ணும் இல்ல" என்கிறார், மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது!

சுருட்டிய பிறகு கேட்கலாம் என்றால், அதற்குள் எங்கள் ஆபீஸ் வேன் கிளம்பிவிடும். அவர்கள் வாயால் சொன்னதைத்தான், அதுவும் துறையிலேயே எழுத வேண்டும், பிறகு திருத்தக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். வயிறு எரிய எரியப் பூஜ்யம் போட்டேன். மனசு கேட்காமல் ஓரத்தில் பென்சிலால், 'வாளியில் மூன்று பார்த்தேன், கேட்டால் சொல்லமாட்டார்கள்' என்று எழுதிவைத்தேன். ஒவ்வொரு பாரத்திலும் இப்படியே. "பூஜ்யம் போட்டா மூடிருவாங்கண்ணே!" என்று கெஞ்சியும் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"படிச்சவங்கதானே லா, வாளிய பாத்தா தெரியாதா?"

மேரு வீட்டில்

அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே மேருவுக்குப் போனேன். பெரியசாமி அண்ணனின் மனைவி சரோஜா அக்கா பின்கட்டில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் புருஷன் பாரத்தில் பூஜ்யம் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் பாரத்தை எட்டிப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது.

"அவருக்கு லீவு, எனக்கு டபுள் டூட்டி. அத எந்தக் கட்டத்துல போடுவ?"

அப்படி ஒரு கட்டமே இல்லை. ஆண்கள் அச்சடித்த பாரம், வேறென்ன இருக்கும்!

அறிக்கை

ஆறு மாதம் கழித்து வழவழப்பான தாளில் அறிக்கை வந்தது. அங்கே மீன் சிக்குவதே இல்லையாம், மூடினால் யாருக்கும் நஷ்டம் இல்லையாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கதவைக்கூடத் தட்டாமல் ஆய்வுத் தலைவர் அறைக்குள் போய், "ஓரத்துல எழுதினதெல்லாம் எங்க சார்?" என்று கேட்டேன். பென்சிலில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லையாம். "பொய் சார் இது! அந்த மனுஷனுங்களுக்கு இருக்கிற ஒரே ஞாயித்துக்கெழமைய புடுங்குறீங்க!" என்று கத்தினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே என் பாரக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"நானா சொன்னேன்? அவங்க சொன்னாங்க, நீங்க எழுதினீங்க. கீழ சைன் யாரோடது, பாருங்க."

வேலி போட்ட பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் படகுத்துறைக்கு ஞாயிறு தவறாமல் போய் ஒன்றுமே பிடிக்காமல் திரும்பியது நான் ஒருத்திதான்.