பீப்பாய் தள்ளியவர்

அபுதாபிப் பக்கம் ருவைஸில் நானும் அக்காவும் ஒரே கம்பனியில் துப்புரவு வேலை, ஒரே ரூம். நான் யாழ்ப்பாணம். அவர் காலிப் பக்கத்துச் சிங்களப் பெண், கொழும்பில் தமிழர் கடையில் நின்று தமிழ் பழகியவர். என்னை ‘நங்கி’ என்பார், தங்கச்சி என்று அர்த்தம். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். ஆனால் வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

அது அவருடைய புருசன் செத்த நாள். எங்கள் பக்கம் குண்டு போடப் போன ஆமி விமானத்தைப் புலிகள் விழுத்தியதில் போனவன். சீருடைப் படத்துக்கு முன்னால் பாற்சோறு படைத்து, தானம் என்று எனக்கும் ஒரு தட்டு நீட்டுவார். டியூட்டி என்று சொல்லித் தப்பிவிடுவேன். இந்த முறை அந்த நாள் ஓஃப் நாளில் வந்து தொலைத்தது.

“எங்கட ஆள் துவக்கால ஒருத்தரையும் சுட்டதில்ல நங்கி. கதவுக்கிட்ட நிண்டு பீப்பாய் தள்ளுற டியூட்டி மட்டும்தான்.”

மட்டும்தானாம்! அந்த விமானத்தை நாங்கள் சகடை என்போம். பீப்பாயில் வெடிமருந்து நிரப்பித் தள்ளும். ஒருநாள் விழுந்தது வெடிக்கவில்லை; உள்ளே மனிதப் பீ. கிணற்றடியில் முழுகிக்கொண்டு நின்ற அம்மாவின் தலையில் சிதறியது. தேசிக்காயைப் பிழிந்து தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குத் தோல் உரிந்தது. பீப்பாய் என்ற பெயருக்கு அன்றுதான் பொருத்தம் வந்தது என்று ஊரில் பகிடி விட்டார்கள். நான் இன்றைக்கும் அதற்குச் சிரிப்பதில்லை. கொல்ல வந்தவனை மன்னித்தாலும் மன்னிப்பேன், இதைச் செய்தவனை மாட்டேன்.

அக்கா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடைசி லீவில வந்து கைய கழுவிக் கழுவியே இருந்தார். மணக்குது மணக்குது எண்டார். எனக்கு ஒண்டும் மணக்கல்ல. உங்கட ஊர்லதானே போட்டது, உனக்குத் தெரியுமா? பெட்ரோலா நங்கி?”

செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ‘ஓம், பெட்ரோல்தான்’ என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் படுத்திருப்பார். பாற்சோறு மூக்குக்கு நேரே இருந்தது. அருவருப்பில் எனக்கு வாய் நிற்கவில்லை.

“பீ, அக்கா. பீப்பாய்க்குள்ள மனுசப் பீ. அதத்தான் எங்கட தலையில கொட்டினவை.”

பொய் என்று சண்டைக்கு வருவார், திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த லீவு முழுக்க அவர் தன்ட கையால சாப்பிடல்ல நங்கி. நீயே ஊட்டிவிடு எண்டார். நான் என்னில உள்ள ஆசை எண்டு நினைச்சேன்.”