துப்பாக்கி வேண்டாமென்ற காவலாளி

வங்கிக் காவலாளிக்கு வயது நாற்பத்தாறு. தோளில் துப்பாக்கியோடு கண்ணாடிக் கதவருகே நிற்பதுதான் பதினோரு வருடமாக அவர் வேலை. பயிற்சியின்போது சுட்டதைத் தவிர ஒருமுறைகூட அதைச் சுட்டதில்லை. மழைக்குக் குடை மாதிரி, வேலைக்குப் போனால் அது கூடவே இருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர் வேறு ஆள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நான்கு பேர் கதை விளையாட உட்காருவார்கள். கதையை நடத்துவது கீழ்வீட்டுப் பெண். பல் மருத்துவமனைக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. டிராகன், மந்திரவாதி, இடிந்த கோட்டை என்று அவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போக, மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடத்தில் அதற்குள் நடப்பார்கள். அடிதடி வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் எதிரிக்கு அடி.

காவலாளியின் மனைவி அதில் காயம் ஆற்றும் வைத்தியச்சி. செல்போன் பழுதுபார்க்கும் அவள் தம்பி, பூட்டு உடைக்கும் திருடன். காவலாளியோ இடுப்புவரை தாடி வைத்த குள்ளன், கையில் கோடாலி. பூதம் வந்தாலும் முதலில் பாய்வது அவர்தான். “இந்த வீரத்த கொஞ்சம் கரப்பான்பூச்சிகிட்டயும் காட்டுங்க” என்பாள் மனைவி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நல்ல மழை. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஓர் ஆள் வங்கிக்குள் நுழைந்தார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார் காவலாளி. அந்த ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. நில்லுங்கள் என்று இன்னும் உரக்கச் சொன்னார். அந்த ஆள் நிற்காமல் கவுன்டரை நோக்கி நடந்தபடியே கையைக் கோட்டுக்குள் விட்டார். அடுத்து நடந்தது காவலாளிக்கே சரியாக நினைவில்லை. துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது. விரல் விசையில் பாதி அழுந்தியிருந்தது.

“அண்ணா, அவருக்குக் காது கேக்காது” என்றாள் காசாளர் பெண்.

கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது பாலிதீன் உறையில் சுற்றிய பாஸ்புக். முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது. வேலை முடிந்து போகும்போது காவலாளியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். மேலாளர் வந்து, எப்போதும் இப்படித்தான் உஷாராக இருக்க வேண்டும் என்று தட்டிக்கொடுத்தார். அதைக் கேட்டதும்தான், என்ன நடந்திருக்கும் என்று காவலாளிக்கு உறைத்தது.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று முதல் அந்த ஆள்காட்டி விரல் தன்னுடையதே இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. நிற்கும் நேரமெல்லாம் அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். யாராவது சட்டைக்குள் கைவிட்டால் போதும், பேனா எடுக்கத்தான் என்று தெரிந்தாலும் முதுகு வியர்த்தது. காலையில் சீருடை மாட்டும்போது குமட்டியது. அஜீரணம் என்று மனைவியிடம் சமாளித்தார்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிறு மைத்துனன் தன் திருடனுக்குத் துப்பாக்கி கேட்டான்.

பல்லக்கா ஒத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி வந்தால் கோட்டைச் சுவருக்கும் கவசத்துக்கும் மரியாதை போய்விடும், தூரத்திலிருந்தே போட்டுத் தள்ளிவிட்டால் அப்புறம் கதை எங்கே என்றார்.

“பறக்குற பல்லி நெருப்பு துப்பினா நம்புறீங்க, ஒரு இரும்புக் குழாய நம்ப மாட்டீங்களா?” என்றான் அவன். மாமாவுக்குத்தான் இதில் அனுபவம், அவரே சொல்லட்டும் என்று காவலாளி பக்கம் திரும்பினான்.

“வேண்டாம் மாப்ள.”

ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார். கோடாலிக்கு மவுசு குறைந்துவிடும் என்று மாமாவுக்குப் பயம் என மைத்துனன் கிண்டலடித்தான். மனைவியும் சிரித்தாள். கடைசியில் ஒரே ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்று பல்லக்கா இறங்கிவந்தார்.

அடுத்த ஞாயிறு கதையில் அவர்கள் ஒரு சுரங்கத்துக்குள் இருந்தார்கள். விளக்கு அணைந்துவிட்டது. பின்னால் காலடிச் சத்தம் கேட்பதாகப் பல்லக்கா சொன்னார். யாரென்று தெரியவில்லை, கூப்பிட்டும் பதில் இல்லை.

“சுடுறேன்” என்றான் மைத்துனன். பகடை உருண்டது. பத்தொன்பது.

விளக்கை ஏற்றிப் பார்த்தபோது விழுந்து கிடந்தது, காலையில் அவர்களை ஆறு கடத்திவிட்ட படகுக்காரன். மறந்துவைத்த கயிற்றைத் திருப்பித் தர வந்திருக்கிறான். மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். பல்லக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காவலாளி எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயில் பிடித்த தண்ணீர் டம்ளர் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. பின்னாலேயே வந்த மனைவி டம்ளரை வாங்கிவைத்தாள். அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கியே இருந்தது. என்ன என்று கேட்டாள். அவர் மேசைக்குத் திரும்பி வந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை வங்கியில் நடந்ததை மூவருக்கும் சேர்த்தே சொன்னார்.

“கோடாலின்னா கிட்ட போகணும். போறதுக்குள்ள மூஞ்சி தெரிஞ்சிடும், நிறுத்திக்கலாம். இதுல அந்த நேரம் கிடையாது மாப்ள. அந்தப் பொண்ணு வாயத் திறக்கலன்னா அவர் செத்துருப்பாரு.”

 மைத்துனன் தன் திருடனிடம் இருக்கும் பொருட்களைக் குறித்த தாளில் துப்பாக்கி என்று எழுதியிருந்ததை அழித்தான். படகுக்காரன் செத்ததையும் இல்லையென்று வைத்துக்கொள்ளலாமா என்று பல்லக்காவிடம் கேட்டான். அவர் தலையாட்டுவதற்குள் காவலாளி குறுக்கிட்டு, அது அப்படியே இருக்கட்டும், செத்தவன் வீட்டில் நாம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாள் மேலாளரிடம் துப்பாக்கி இல்லாத வேலை கேட்டு எழுதிக் கொடுத்தார். இதற்கெல்லாமா பயப்படுவது என்று மேலாளர் காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார். மாற்றல் வர மூன்று மாதமானது. அந்த மூன்று மாதமும் விரலை மடக்கிக்கொண்டே நின்றார். மனைவி தினமும் வங்கிவரை கூடவே நடந்து வந்தாள். இப்போது அவர் தலைமை அலுவலகத்து வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு விசிலோடு. இன்றைக்கும் யாராவது சட்டைக்குள் கைவிட்டால் நெஞ்சு திக்கென்கிறது.

படகுக்காரன் செத்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு கதையில் படகுக்காரன் வீட்டுக் கதவைத் தட்டியது கோடாலிக் குள்ளன்தான். கதவைத் திறந்தவள் படகுக்காரனின் மனைவி. என்ன சொல்கிறீர்கள் என்று பல்லக்கா கேட்டார். பகடையை யாரும் தொடவில்லை.

“சத்தம் கேட்டுதும்மா” என்றார் காவலாளி. “பயந்துட்டோம். யாருன்னு பாக்கல.”