தமிழ் வருமா?

ஓசூரில் ஒருவரை முதன்முதலாகப் பார்த்தால், ஊர் எது என்று கேட்பதற்கு முன்னால் "தமிழ் வருமா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு. ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என் ஊர்; அங்கே எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் கன்னடம், பள்ளிக்கூடம் தமிழ். பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான் என்று, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. அதற்குக் காரணம் ஒரு போன்.

இரண்டாயிரங்களின் கடைசியில், பாகலூர் சாலையில் இருந்த ஒரு செல்போன் கடையில் கம்பெனி ஆளாக நின்றேன். அதாவது கடைக்காரர் எனக்குச் சம்பளம் தருவதில்லை. ஒரு போன் கம்பெனி சம்பளம் கொடுத்து, அதன் போனை மட்டும் தள்ளிவிட என்னை அங்கே நிறுத்தியிருந்தது. தொடுதிரை போன்கள் வரத் தொடங்கிய நேரம். மற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு ஓ.எஸ். வைத்துக்கொண்டு கண்ணாடி அலமாரியில் இடம் பிடித்தாகிவிட்டது. போனை உள்ளிருந்து நடத்துகிற மென்பொருளைத்தான் ஓ.எஸ். என்போம். எங்கள் கம்பெனி, பந்தி பாதி முடிந்த பிறகு இலை தேடி வந்த ஆள். தானே புதிதாக ஒரு ஓ.எஸ். செய்து, அவசர அவசரமாகக் கடைக்கு அனுப்பிவிட்டது.

பெங்களூரில் ஒரு ஓட்டலில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. மற்ற போன்களில் இருந்ததில் பாதி இதில் இல்லை. யார் எதைக் கேட்டாலும் பயிற்சி கொடுத்தவர் ஆங்கிலத்தில் பொறுமையாக ஒரே பதிலைச் சொன்னார்: இப்போது கிடையாது, பின்னால் ஒரு அப்டேட்டில் சேர்ப்பார்கள். இந்திய மொழி எழுத்துகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அவர் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் நான் செய்தது. அவ்வளவு நீளமான பதிலை ஓசூருக்குக் கொண்டுவந்து ஒரே சொல்லாகச் சுருக்கிவிட்டேன்: வரும். கன்னடத்தில் கேட்டால் பருத்தே. தெலுங்கில் கேட்டால் வஸ்துந்தி. மூன்று மொழியிலும் அந்தச் சொல் இப்போது இருப்பதற்கும் பொது, இனிமேல் வரப்போவதற்கும் பொது. கேட்டவர் 'இப்போது' என்று எடுத்துக்கொள்வார். நான் 'பிறகு' என்று மனசுக்குள் வைத்துக்கொள்வேன். பொய் சொல்லாமலே பிழைக்கிற சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் போன் வாங்க வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. அந்த அம்மா இரண்டு வயதுக் குழந்தையோடு ஊரில் இருந்தார். தினமும் தமிழில் மெசேஜ் அனுப்புவார். கணவன் மனைவி பேச்சு முழுக்க அதில்தான். குழந்தையின் போட்டோவைப் பெரிதாகப் பார்க்கவேண்டும் என்பதற்காக அவர் தொடுதிரை போன் தேடி வந்திருந்தார்.

"தம்பி, இதுல தமிழ் வருமா?" என்று கேட்டார்.

"வரும்ணா" என்றேன்.

இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் வரும் என்றேன். தமிழ் காட்டிக்கொண்டிருந்த பழைய பட்டன் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, புதியதை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளே திரும்பி வந்தார். திரையில் மனைவியின் மெசேஜ் இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் சின்னச் சின்னக் கட்டம்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் திரும்பி வந்தால் என் பெயரில் கெட்ட குறிப்பு விழும். அந்த மாதம் நான் விற்றதே சொற்பம். "அப்டேட் போட்டா வரும்ணா, அடுத்த மாசம்" என்றேன். அதோடு பெரிய உதவி செய்வதுபோல ஒரு வழியும் சொன்னேன். அந்த மெசேஜை என் போனுக்கு அனுப்பினால் அதில் எழுத்தாகத் தெரியும், நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். ஊரையெல்லாம் புதுசு வாங்கச் சொன்ன நான் வைத்திருந்தது பழைய பட்டன் போன். ரூமில் இருப்பவர்கள் படித்தால் கிண்டல் செய்வார்கள், நீங்கள் வெளி ஆள், பரவாயில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அப்படியே நடந்தது. அவர் சாப்பாட்டு இடைவேளையில் மெசேஜை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிடுவார். நான் கடைக்கு வெளியே ஜூஸ் கடை ஓரமாகப் போய் நின்று படிப்பேன். பாப்பா உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் இப்படி வந்தது: "நீங்கள் விட்டுப்போன சட்டையை இன்னும் துவைக்கவில்லை. தலைமாட்டில் வைத்திருக்கிறேன்."

"சரி தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்தவர் வீட்டுப் படுக்கையறைக்குள் நான் ஏன் நிற்கிறேன்?

பதிலை அவர் ரூமில் யார் போனையாவது வாங்கித் தட்டுவார். யார் படிக்கிறார்கள் என்பதை அதில் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு மெசேஜ்கள் குட்டையாகிவிட்டன. நலம். பாப்பா நலம். கேஸ் சிலிண்டர் வந்தது. அவ்வளவுதான். "என்ன தம்பி, வேற ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்பார். இல்லை என்பேன். அடுத்த மாதம் வந்து போனது, அப்டேட் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் என்றேன்.

ஒருநாள் நீளமாக ஒன்று வந்தது. திறந்ததும் முதல் சொல்லே என்னைக் கூப்பிட்டது.

"தம்பி, இதைப் படிப்பது நீங்கள்தானே. அவரிடம் மட்டும் சொல்லவேண்டியவை நிறைய இருக்கின்றன. உங்கள் வழியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் போனில் தமிழ் வருமா, வராதா? உண்மையைச் சொல்லிவிடுங்கள்."

போன் அடித்தது. "என்ன போட்டிருக்கா தம்பி?"

"நல்லாருக்காங்களாம்ணா. பாப்பாவும் நல்லாருக்குதாம்."

"அவ்வளவுதானா? கட்டம் நாலு வரிக்கு இருக்கே."

"கோயிலுக்குப் போனாங்களாம். கூட்டமாம்" என்று வாயில் வந்ததைச் சேர்த்தேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மெசேஜும் அனுப்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். கையில் எங்கோ பழையதாக வாங்கிய பட்டன் போன். இன்னொரு சிம் போட்டு, பெரிய போனில் இருந்த அந்த மெசேஜை இதற்கு அனுப்பியிருக்கிறார். என் முன்னால் நீட்டினார். கட்டமில்லாமல், முழுத் தமிழில், முதல் சொல் 'தம்பி'.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கடைக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். அவரோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, உங்களுக்குத் தமிழ் வருமா?"

நான் கண்ணாடி அலமாரியைத் துடைக்கத் தொடங்கினேன். அவரே தொடர்ந்தார்.

"இல்ல, வீட்டுல தெலுங்கு பேசுறவங்கன்னு சொன்னாங்க. சின்னதா எழுதுனா படிச்சிருதீக. நீளமா எழுதுனா திணறும்போல, இல்லையா?"

உண்மையிலேயே அப்படி நம்பினாரா, எல்லோர் முன்னாலும் என்னைக் காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக நான் ஓடிவிட்டேன்.

"ஆமாங்ணா. படிக்க அவ்வளவா வராது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போனைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

"அதான பாத்தேன். அவ உங்களத் தப்பா நினைச்சுட்டா தம்பி. நான் எழுதிச் சொல்லிருதேன்."