மகேஸ் அக்காவின் கழுத்துத் தழும்பு

சார்ஜரின் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. அன்று காலை நான் முதலில் கவனித்தது அதைத்தான். பேட்டரி நிறைந்துவிட்டது, கழற்றிவிடலாம் என்று கொட்டகைக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் தம்பி குமார் அண்ணன் பேசினார்.

"கௌரி, அக்கா போய்டுச்சி."

காய்ச்சல் என்று போனவர். திங்கட்கிழமை வண்டி எடுக்க வேண்டும், பேட்டரியைத் தயாராக வை என்று முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தார். போனை வைத்ததும் என் கை நேராக பேட்டரிக் கிளிப்புக்குப் போனது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. தொடப்போன கையை இழுத்துக்கொண்டேன். அதன் பிறகு எதையும் செய்யாமல் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

முப்பதாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், கூடவே இருந்தவள் நீ, நீயும் எழுது என்றார் குமார் அண்ணன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அக்காவின் வண்டியில் உதவிக்குப் போனவள் நான். நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அக்காவின் கழுத்தில் இருந்த தழும்பைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தது உண்மை இல்லை.

ஒடுகத்தூரிலிருந்து மலைமேல் ஊர்கள் வரைக்கும் அக்காவின் குட்டியானை சரக்கு வண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. குடம், பக்கெட், முறம், அன்னக்கூடை என்று ஏற்றிக்கொண்டு விற்கப் போவோம். மேலே காசு இல்லாத வீட்டில் புளியோ சாமையோ கொடுத்தால் அக்கா அதையும் வாங்கிக்கொள்வார். வண்டியில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் அவர் குரலைப் பதிவு செய்து போட்டிருந்தார். அதில் "அன்னக்கூடை" என்ற சொல்லுக்குப் பிறகு சிறிது நேரம் சத்தமே வராது. "புளி, சாமையும் எடுத்துக்குவோம்" என்று அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். பதிவு செய்த அன்று என் வாய் திறக்கவில்லை. அக்கா அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டார். "உன் பங்கு அங்க காலியா கெடக்கு, என்னிக்கு தோணுதோ அன்னிக்கு பேசு" என்றார். மலைமேல் பெண்கள், ஸ்பீக்கர் அந்த இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் ஸ்பீக்கரை ஓடவிட்டால் பேட்டரி தாங்குமா? இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு வருகிற பழக்கமும் அக்காவுக்கு இருந்தது. நாலு முறை வண்டியைத் தள்ளிய பிறகுதான் சார்ஜர் வாங்கினார். அதை இயக்க என்னையும் விட்டார். முதல் நாளே அக்கா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். மின்சாரம் ஓடும்போதே கிளிப்பை இழுத்தேன். பொறி பறந்தது.

"இன்னாடி, எங்க போற இவ்ளோ அவசரமா? மொதல்ல சுவிட்ச், அப்பறந்தான் கை."

சார்ஜ் ஏறும் பேட்டரி, பால் வைத்த அடுப்பு மாதிரி, விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பார். எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. மூடிகளைத் திறந்து தண்ணீர் அளவு பார்ப்பார், கடையில் வாங்கிய பேட்டரி தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்ற மாட்டார். கொட்டகையின் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் சுவிட்ச் போடுவார். பேட்டரியிலிருந்து காற்று கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, தீ பட்டால் வெடிக்கும், அது வெளியே போக வழி வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அதைச் செய்தேன் என்பதால்தான் இரண்டு வருடமாக என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அது ஆயுத பூஜை நாள். விடாத மழை, கொட்டகை ஒழுகியது. மறுநாள் அமிர்தி பக்கம் போக வேண்டியிருந்ததால் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போட்டோம். சாரல் அடித்ததால் சன்னலையும் சாத்தியிருந்தோம். எங்கள் பக்கம் அன்றைக்குப் பொட்டு வைக்காத பொருள் இருக்காது. தராசு, ஸ்பீக்கர், சார்ஜர், பேட்டரி எல்லாவற்றுக்கும் அக்கா சந்தனம் குங்குமம் வைத்தார். கற்பூரத்தை வாசலில் நிற்கும் வண்டிக்கு மட்டும் காட்டு, உள்ளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருஷ்டிப் பூசணிக்காய் எடுக்கப் பின்பக்கம் போனார்.

நான் வண்டிக்குக் காட்டினேன். திரும்பி வந்தபோது பேட்டரியின் நெற்றியில் இருந்த குங்குமம் கண்ணில் பட்டது. எல்லாவற்றுக்கும் பூஜை, இதற்கு மட்டும் இல்லையா என்று தோன்றியது. மலையேற்றத்தில் நம்மை இழுப்பது இதுதானே என்று நினைத்தேன். எரியும் கற்பூரத் தட்டோடு அதன் அருகில் குனிந்தேன்.

அக்கா வந்ததை நான் பார்க்கவில்லை. என்னைத் தள்ளியதுதான் தெரியும். பெரிய சத்தம். பேட்டரியின் மேல்பகுதி பிளந்து ஆசிட் தெறித்தது. நான் சுவரோரம் கிடந்தேன். அக்காவின் கழுத்திலும் தோளிலும் பட்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் கேட்டது இதைத்தான்:

"கண்ணு தெரியுதாடி? எரியுதா?"

இல்லை என்றேன். அதன் பிறகுதான் தண்ணீர் டிரம்முக்கு ஓடினார். குடம் குடமாக ஊற்றினேன். நிறுத்தாதே, ஊற்றிக்கொண்டே இரு என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள், அவர்களோடு என் அப்பாவும் வந்தார். யார் கற்பூரத்தை அங்கே கொண்டுபோனது என்று கேட்டார். தண்ணீர் வழிய வழிய அக்கா நிமிர்ந்து, "நாந்தாண்ணா. புத்தி கெட்டுப்போய் காட்டிட்டேன்" என்றார்.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு என்னை அனுப்பிவிட அப்பா ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு தப்பு என்றால் மறுநாளே அனுப்பியிருப்பார். அக்காவுக்கு அது தெரியும். மருந்து போட்டுக்கொண்டு வரும்போது, சொல்லிவிடுகிறேன் அக்கா என்று அழுதேன். "கம்முனு இரு. தழும்பு என்னுது, நான் இன்னா சொல்றனோ அதான் கதை" என்றார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "வெடி மகேசு" என்று பெயர் வைத்தீர்கள். வண்டி ஓட்டுகிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டீர்கள். அந்த வீட்டில் இனி சார்ஜர் போடக் கூடாது என்று குமார் அண்ணனே ஆறு மாதம் திட்டித் தடுத்தார். அக்கா பேட்டரியை ஒடுகத்தூர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு வந்தார். கேலி செய்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். நான் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சக்காரப் பெண் என்று நினைத்திருப்பீர்கள். கூச்சம் மட்டும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அன்றும் தூறல். பல நாள் நின்றதில் இறங்கிப்போன பேட்டரியை, வண்டியைக் கிளப்பி அக்கா படத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று யாரோ காலையிலேயே கொட்டகையில் சார்ஜ் போட்டிருந்தார்கள். மழைக்காகத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள். படத்துக்குக் காட்டிய கற்பூரத் தட்டோடு குமார் அண்ணன் கொட்டகையில் நின்ற வண்டியை நோக்கிப் போனார். அக்காவுக்குப் பிடித்த வண்டி, அதற்கும் காட்டிவிடலாம் என்றார். ஒரு கையால் தார்ப்பாயை விலக்கினார்.

"அண்ணா, நில்லுங்க."

இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பினீர்கள். அப்பாவும் திரும்பினார்.

"உள்ள பேட்டரி ஏறுது. தீய அந்தாண்ட எடுத்துனு போங்க. அன்னிக்கி கற்பூரம் காட்டுனது அக்கா இல்ல, நான். என்னை தள்ளிவுட்டதாலதான் அக்கா மேல பட்டுச்சி."

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குமார் அண்ணன் தட்டைத் தூரமாக, மழையில் வைத்தார். கற்பூரம் சீறி அணைந்தது. "ஆறு மாசம் அத திட்னேனே" என்றார்.

அக்காவின் சேலையோ வளையலோ என்னிடம் இல்லை. எது முதலில், எது பிறகு என்று அவர் என் கைக்குப் பழக்கிய வரிசை இருக்கிறது. ஸ்பீக்கரில் எனக்காக அவர் விட்டுவைத்த அந்த இடமும் இருக்கிறது.

அன்று தார்ப்பாயை இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டினேன். காற்று உள்ளே போய் வரட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். கறுப்புக் கிளிப்பை எடுத்தேன். அப்புறம் சிவப்பை.